இயங்காத கணிப்பொறியும் இறந்த கணிப்பொறியும்

(குடியேற்றத்தில், நெசவாளர் தெரு ஒன்றில் மாணவர்க்கும் இளைஞர்க்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தறியை நிறுத்திவிட்டும், தீப்பெட்டி வேலையையும் பீடி சுற்றும் வேலையையும் ஒதுக்கி வைத்துவிட்டும் வந்திருக்கின்ற தாய்மார்களே! இளைஞர்களே!

மேடையேறுவோர் கையில் குறிப்புத் தாளோடு வருவர். நானோ ஒரு திருப்புளியோடும் ஒரு வெற்று அட்டைப் பெட்டியோடும் வந்திருக்கின்றேன். இந்த மேசைமேல் இருப்பது ஒரு கணிப்பொறி. எந்தக் கடையிலும் முழுதாக வாங்கியதன்று. இத்தெருவில் கைலி நெய்யும் ஒருவருடைய மகன், கல்லூரி மாணவர், உறுப்புறுப்பாக வாங்கித் தம் கையாலேயே கோத்துப் பூட்டியது. பெயரைச் சொல்ல வேண்டா என்று கேட்டுக்கொண்டார், ஆகவே சொல்லவில்லை. சில உறுப்புகள் சென்னை இரிச்சித் தெருவில் வாங்கியவை. சில, பெங்களூர் எசு.பி. சாலையில் வாங்கியவை. நம் ஊர் அவ்விரண்டு நகரங்களையும் இணைக்கும் இருப்புப்பாதையில் அமைந்திருப்பதால் இரண்டு சந்தைகளும் அவருக்கு எட்டின. பணம், தந்தையார் தறியில் அமர்ந்து ஓராண்டுக்கு மேலாகச் சேர்த்தது.

எல்லாம் பூட்டி முடித்து, வீட்டார் அனைவரும் சூழ்ந்து நிற்கக் குமிழை அழுத்தினார். உள்ளே விசிறி ஒரே ஒரு முறை அசைந்தது, நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். அசைவே இல்லை. அந்த வீட்டில் அன்றிரவு எவரும் சரியாக உண்ணவில்லை என்று அவர் தாயார் என்னிடம் சொன்னார்.

மறுநாள் பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குத் தூக்கிச் சென்றனர். ஐந்து மணித்துளி கூட ஆகவில்லை. "போர்டு டெட்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. புதிய பலகைக்குப் பல ஆயிரம் உருபா வேண்டும் என்றும் சொல்லப்பட்டது. எந்தக் கடை என்பது நமக்கு வேண்டா. இத் தீர்ப்பை எந்த ஊரிலும் கேட்கலாம். அதன்பிறகுதான் அப்பெட்டி, வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தே வாழ்நாளைக் கழித்தவனாகிய என் வீட்டுத் திண்ணைக்கு வந்தது.

நெசவாளர் மக்களே, உங்களை ஒன்று கேட்கின்றேன். பாவில் ஓர் இழை அறுந்தால் என்ன செய்வீர்கள்? பாவையே அறுத்தெறிந்துவிட்டுப் புதுப்பாவு ஓட்டுவீர்களா? எந்த இடத்தில் அறுந்தது என்று விரலால் தடவிப் பார்த்து, அந்த இழையை மட்டும் முடிச்சிடுவீர்கள் அன்றோ? கணிப்பொறிக்கும் அதுவே முறை. மின்சாரம் சுவரில் புறப்பட்டு உள்ளே செல்கின்றது. எங்கோ ஓரிடத்தில் அது நின்றுவிடுகின்றது. எங்கே நின்றது என்று கண்டறிவதற்கு முன்னமே எந்த உறுப்பையும் இறந்தது என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. இயங்காமை வேறு, இறப்பு வேறு.

தன் கையால் கணிப்பொறி கட்டுதல் புதிய செய்தி அன்று. 1975ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்க மின்னணு இதழ் ஒன்றின் அட்டையில் அல்டேர் 8800 என்னும் பொறி வெளிவந்தது. அதை உறுப்புகளாக அஞ்சலில் வாங்கி, வீட்டில் பற்றவைத்துப் பூட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். 1976இல் வந்த முதல் ஆப்பிள் பொறிக்குப் பெட்டியும் இல்லை, விசைப்பலகையும் இல்லை; பலகை மட்டுமே விற்றார்கள், மற்றவற்றை வாங்கியவரே தேடிக்கொள்ள வேண்டும். அப்படிக் கட்டியவர்களுள் எத்தனை பேருடைய பொறி முதல் அழுத்தத்திலேயே இயங்கியிருக்கும் என்று நினைக்கின்றீர்கள்? ஆகவே தம்பி, முதல் நாள் இயங்கவில்லை என்பதற்காக நீங்கள் நாணவே வேண்டியதில்லை.

இனி, பொறியினுள் மின்சாரம் எவ்வாறு செல்கின்றது என்பதைப் பார்ப்போம். இதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமே விளங்கும்.

சுவரில் வருவது 230 வோல்ட்டு மாறுமின்னோட்டம். கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டுவதோ 12, 5, 3.3 வோல்ட்டு அளவிலான நேர்மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்யும் இரும்புப் பெட்டியை மின்வழங்கி என்போம், கடையில் எசு.எம்.பி.எசு. என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். முன்னாளைய பொறிகளில் முகப்பில் இருந்த குமிழ், சுவரிலிருந்து வரும் மின்சாரத்தையே நேராக வெட்டிச் சேர்த்தது. நம் வீட்டு விளக்குக்கு இருப்பது போன்றது. 1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்சு. என்னும் அமைப்பை வகுத்தபின் அது மாறிவிட்டது. இன்றைய முகப்புக் குமிழ் மின்சாரத்தை வெட்டுவதும் இல்லை, சேர்ப்பதும் இல்லை. அது கேட்கின்றது, அவ்வளவே.

யாரைக் கேட்கின்றது? தாய்ப்பலகையைக் கேட்கின்றது. பொறி உறங்கும்போதும், வடம் சுவரில் செருகியிருக்கும் வரையில், மின்வழங்கி 5 வோல்ட்டு அளவில் ஒரு சிறு மின்சாரத்தை ஊதாநிறக் கம்பி வழியே பலகைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. இதைக் காவல் மின்சாரம் என்று வைத்துக்கொள்வோம். குமிழை அழுத்தினால், விழித்திருக்கும் அக் காவற்பகுதி பச்சைநிறக் கம்பியை நிலத்தோடு, அதாவது கருநிறக் கம்பியோடு இணைக்கின்றது. அக்குறிப்பைக் கண்டபின்தான் மின்வழங்கி முழு ஆற்றலையும் திறந்துவிடுகின்றது. திறந்துவிட்டுத் தன் அழுத்தங்கள் எல்லாம் சரியாக நிற்கின்றனவா என்று தானே பார்த்து, 'எல்லாம் நலம்' என்று சாம்பல்நிறக் கம்பியில் ஒரு செய்தி அனுப்புகின்றது. அச்செய்தி வந்தபின்னரே செயலி தன் வேலையைத் தொடங்கும். இத்தனையும் ஒரு நொடிக்குள் நடந்து முடிகின்றன.

ஆகவே, குமிழை அழுத்தியும் பொறி எழவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. காவல் மின்சாரம் வருகின்றதா? குமிழின் கேள்வி பலகையைச் சென்றடைந்ததா? பலகையின் குறிப்பு வழங்கியைச் சென்றடைந்ததா? வழங்கி திறந்ததா? திறந்தும் எதையோ கண்டு அஞ்சி மூடிக்கொண்டதா? 'டெட்' என்னும் அந்த ஒரு சொல்லில் இத்தனை கேள்விகளும் புதைந்துபோகின்றன. உறுப்புகளுக்கும் நிகழ்வுகளுக்கும் நம் மொழியில் பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அணிக்காக அன்று. ஒன்றைப் பெயரிட்டு அழைக்கத் தெரிந்தவனால்தான் அது இருக்கின்றதா இல்லையா என்று தேட முடியும்.

முதலில் சுவர். சிரிக்காதீர்கள், எத்தனையோ பெட்டிகள் என் திண்ணைக்கு வந்து, ஒரு பழுதும் இல்லாமலேயே திரும்பிப் போயிருக்கின்றன. அதே துளையில் ஒரு மேசைவிளக்கைச் செருகிப் பாருங்கள். நீட்டிப்புப் பலகையின் சொடுக்கிகள் நாளடைவில் உள்ளே கருகிவிடும். ஆகவே அதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள். மின்வழங்கியின் பின்புறத்திலேயே ஒரு சிறு சொடுக்கி இருக்கின்றது. கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும், வட்டம் போட்ட பக்கம் அன்று. பழைய வழங்கிகளில் 115, 230 என்று மாற்றக்கூடிய சிவப்புச் சொடுக்கி ஒன்றும் உண்டு. அது நம் நாட்டில் எப்போதும் 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் மின்சாரத்தைக் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும்.

மின்மாற்றுப் பெட்டியாகிய இன்வெர்ட்டரையும் ஐயுறுங்கள். 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் வாடியபோது வீட்டுக்கு வீடு அப்பெட்டி நுழைந்தது. மலிவானவை தரும் மின்சாரம் வளைந்தேறி வளைந்திறங்கும் அலையாக இராமல், படிப்படியாகச் சதுரமாக வரும். விளக்குக்கும் விசிறிக்கும் அது போதும். புதிய வகை மின்வழங்கிகள் சில அதை ஏற்றுக்கொள்வதில்லை. எழ மறுக்கும், அல்லது எழுந்தவுடன் விழும். வாரிய மின்சாரத்தில் எழுந்து, மின்வெட்டின்போது மட்டும் எழாத பொறிக்குப் பழுது இல்லை.

சுவர் சரியென்றால் அடுத்துக் குமிழ். முகப்புக் குமிழிலிருந்து மெல்லிய இரண்டு கம்பிகள் பலகையின் மூலையில் உள்ள இரண்டு ஊசிமுனைகளில் போய்ச் சேர்கின்றன. முதன்முறை பூட்டுவோர் பெரும்பாலும் இங்கேதான் தவறுகின்றனர். பக்கத்து ஊசியில் மாட்டிவிடுகின்றனர். பலகையோடு வரும் குறிப்பேட்டில் படம் இருக்கும். குமிழின் கம்பியைக் கழற்றிவிட்டு, அவ்விரண்டு ஊசிகளையும் திருப்புளியின் நுனியால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டால் போதும்; குமிழை அழுத்தியதற்கு அது நிகர். அங்கே இருப்பது மிகச் சிறிய அழுத்தமே, அஞ்ச வேண்டா. பொறி எழுந்தால் பலகை நலமாக இருக்கின்றது, குமிழ்தான் கெட்டது.

அதன்பின் இணைப்புகள். இருபத்து நான்கு முனைகள் கொண்ட பெரிய இணைப்பு ஒன்று. செயலிக்குத் தனியே மின்சாரம் தரும் நான்கு அல்லது எட்டு முனை இணைப்பு மற்றொன்று. இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, 'விசிறி சுற்றுகின்றது, திரை மட்டும் வரவில்லை' என்று வருவோர் பலர். பெரிய இணைப்பும் தாழ்ப்பாள் 'டக்' என்று விழும் வரையில் அழுந்தியிருக்க வேண்டும். பாதி இறங்கிய இணைப்பு கண்ணுக்கு முழுதாக இறங்கியது போலவே தோன்றும்.

இனி மின்வழங்கியைத் தனியே ஆய்வது எவ்வாறு என்று சொல்கின்றேன். இதைக் கருத்தோடு கேளுங்கள். முதலில் வடத்தைக் கழற்றிவிடுங்கள். வழங்கியின் எல்லா இணைப்புகளையும் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். வளைத்த கம்பித்துண்டு ஒன்றால், பெரிய இணைப்பில் உள்ள பச்சைநிறக் கம்பியின் துளையையும், அதன் பக்கத்துக் கருநிறக் கம்பியின் துளையையும் இணையுங்கள். பலகை கொடுக்க வேண்டிய குறிப்பை இப்போது நீங்களே கொடுக்கின்றீர்கள். பிறகு கையை எடுத்துவிட்டு வடத்தைச் செருகினால் வழங்கியின் விசிறி சுற்ற வேண்டும். பன்மானி, அதாவது கடையில் மல்டிமீட்டர் என்று கிடைக்கும் அளவுகருவி, இருந்தால் அளந்தும் பாருங்கள். மஞ்சளில் 12, அது 11.4க்குக் கீழும் 12.6க்கு மேலும் போகக் கூடாது. சிவப்பில் 5, அது 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும். செம்மஞ்சளில் 3.3. புதிய வழங்கிகள் சிலவற்றில் எல்லாக் கம்பிகளுமே கருப்பாக வருகின்றன. அவற்றில் நிறத்தை நம்ப முடியாது, குறிப்பேட்டில் உள்ள முனைப்படத்தைப் பார்த்தபின்னரே கம்பியைச் செருகுங்கள்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுகின்றேன். மின்வழங்கியின் இரும்புப் பெட்டியைத் திறக்காதீர்கள். அதன் உள்ளே உள்ள பெரிய மின்தேக்கி 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்கி நிற்கும். வடத்தைக் கழற்றிய பின்னும் உடனே வற்றிவிடாது. நான் பழகியவன்; நானே அதைத் திறக்குமுன் இரண்டு முறை எண்ணிப் பார்ப்பேன்.

இப்போது நம் மாணவரின் பொறிக்கு வருவோம். அவரிடம் நான் கேட்ட முதற்கேள்வி, "விசிறி அசையவே இல்லையா, ஒருமுறை அசைந்து நின்றதா?" என்பதே. அசைந்து நின்றது என்றார். "மறுமுறை அழுத்தினால்?" ஒன்றுமில்லை என்றார். "வடத்தைக் கழற்றிச் சற்றுநேரம் விட்டு மீண்டும் செருகி அழுத்தினால்?" அப்போது மறுபடியும் ஒருமுறை அசைகின்றது என்றார்.

தோழர்களே, பாதி விடை இதிலேயே இருக்கின்றது. ஒருமுறையேனும் அசைந்தது என்றால் சுவர் நலம், காவல் மின்சாரம் நலம், குமிழ் நலம், பலகை குறிப்புக் கொடுத்திருக்கின்றது, வழங்கியும் திறந்திருக்கின்றது. திறந்த மறுகணமே, எங்கோ மின்சாரம் போகக்கூடாத வழியில் பாய்வதைக் கண்டு, தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அப்பூட்டு, வடத்தைக் கழற்றிச் சற்றுப் பொறுத்தால்தான் விடுபடும். குறுக்குப்பாய்ச்சல் ஒன்று இருக்கின்றது என்று அப்பொறி தன் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்காமல்தான் 'டெட்' என்றார்கள்.

குறுக்குப்பாய்ச்சல் எங்கே? அதற்காகத்தான் இந்த அட்டைப் பெட்டி. தாய்ப்பலகையை இரும்புக் கூட்டிலிருந்து முழுவதும் வெளியே எடுத்து, இந்த அட்டைமேல் வைத்தோம். செயலி, அதன் விசிறி, நினைவகத் தகடு ஒன்று, இவ்வளவே. வட்டு இல்லை, வேறு அட்டை இல்லை, முகப்புக் கம்பி இல்லை. திருப்புளியால் இரண்டு ஊசிகளைத் தொட்டேன். விசிறி சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரால் பேச முடியவில்லை.

பலகை வெளியே இயங்குகின்றது. கூட்டின் உள்ளே இயங்கவில்லை. அப்படியானால் பழுது கூட்டில்தான். உள்ளே பார்த்தோம். பலகையைத் தாங்குவதற்காகக் கூட்டின் தரையில் சிறு சிறு பித்தளைத் தாங்கிகளைத் திருகி வைப்பார்கள். அவை பலகையின் துளைகளுக்கு நேர்கீழே மட்டும் இருக்க வேண்டும். இந்தக் கூடு பழையது. முன்பு வேறோர் அளவுள்ள பலகை இதில் இருந்தது. அதற்காக வைத்த தாங்கி ஒன்று எடுக்கப்படாமல் அங்கேயே நின்றது. புதுப்பலகைக்கு அவ்விடத்தில் துளை இல்லை. அத்தாங்கியின் தலை பலகையின் அடிப்புறத்துப் பற்றாசுப் புள்ளிகளைத் தொட்டு, அங்கே வந்த மின்சாரத்தைக் கூட்டில் இறக்கிவிட்டது. அரை விரற்கடைப் பித்தளை! அதைத் திருகி எடுத்தோம், பலகையை மறுபடியும் உள்ளே வைத்தோம், எழுந்தது. செலவு ஒன்றுமில்லை.

அவர் நல்ல மின்வழங்கியாக வாங்கியிருந்ததனாலேயே பலகை பிழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். காப்பமைப்பு இல்லாத மலிவுப் பெட்டியாக இருந்திருந்தால் அது மூடிக்கொண்டிருக்காது, கருக்கிவிட்டிருக்கும். பொறி கட்டும் இளைஞர்கள் செயலிக்கும் நினைவகத்துக்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, எஞ்சிய சில்லறையில் மின்வழங்கியை வாங்குகின்றீர்கள். அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். பெட்டியை மூடும்போது அவர் தாயார் சொன்னார்: "அண்ணா, ஓடினால் போதும். ஆனால் இதைத் துடைக்கும்போது கையில் சுரீர் என்கிறது. கணிப்பொறி என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்களே!"

தாய்மார்களே, அப்படித்தான் இருக்கும் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மின்வழங்கியின் வாயிலில், இரைச்சலை வடிகட்டுவதற்காக, இரண்டு சிறு மின்தேக்கிகள் இருக்கின்றன. ஒன்று மின்கம்பியிலிருந்தும் மற்றொன்று வெறுங்கம்பியிலிருந்தும் இரும்புக் கூட்டுக்கு வருகின்றன. கூடு நிலத்தோடு இணைந்திருந்தால் அந்தச் சிறு கசிவு நிலத்துக்குப் போய்விடும். நில இணைப்பு இல்லையென்றால் போகும் வழியின்றிக் கூட்டிலேயே நிற்கும். வரும் அழுத்தத்தில் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட்டு. ஓட்டம் மிகக் குறைவு. ஆகவே சுரீர் என்பதோடு நிற்கின்றது. ஆனால் அது உங்களுக்குச் சொல்லும் செய்தி என்ன? இந்த வீட்டில் நில இணைப்பு இல்லை என்பதே. நாளை இதே பெட்டியில், அல்லது சலவைப் பொறியில், அல்லது விசைத்தறியில் ஒரு கம்பி உரிந்து இரும்பைத் தொட்டால் அப்போது சுரீர் என்பதோடு நிற்காது. ஈரக் கையோடும் வெறுங்காலோடும் நிற்பவர் அந்தத் தாயாரே.

அவர் வீட்டுக்குச் சென்று பார்த்தேன். சுவரில் மூன்று துளைகள் அழகாக இருந்தன. மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! நில இணைப்பைச் செலவு என்று விட்டிருக்கிறார்கள். நம் செருகியில் அந்த மூன்றாவது முனையை மற்றவற்றைவிடப் பருமனாகவும் நீளமாகவும் செய்திருப்பதற்குக் கரணியம், செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதே. அதை இருமுனைச் செருகிக்கு மாற்றுவோரும் உளர். முறித்தே எறிவோரும் உளர்.

கொல்லையில் குழி தோண்டி, குழாயோ செப்புத் தகடோ புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கம்பி இழுத்துக் கட்டுவது நம் மின்பணியாளர்கள் அனைவரும் அறிந்த வேலை. இட்டபின் மறந்துவிடக் கூடாது. கவுண்டன்ய ஆற்றில் மணல் மட்டுமே தெரியும் கோடையில் நம் கொல்லை மண்ணும் வறண்டுவிடும்; வறண்ட மண் மின்சாரத்தை ஏற்காது. அக்காலத்தில் அந்தக் குழியில் நாள்தோறும் ஒரு குடம் நீர் ஊற்றுங்கள். முடிந்தவர்கள் 30 மில்லியாம்பியர்க் கசிவிலேயே துண்டித்துவிடும் காப்புச் சொடுக்கியையும் பொருத்திக்கொள்ளுங்கள். அந்தக் கைலித் தறிக்காரர் புதிய பலகைக்கென்று கடன் கேட்டு வைத்திருந்த பணத்தில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதுமானதாக இருந்தது.

நம் பக்கத்துக்கே உரிய வேறு இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று பஞ்சு. தறி உள்ள வீட்டில் நூற்பிசிறு காற்றெல்லாம் மிதக்கும். கணிப்பொறியின் விசிறி அதை இழுத்து, செயலியின் மேலுள்ள குளிர்விப்புத் தகடுகளின் இடையில் மெத்தைபோல் நெய்துவிடும். பொறி எழும், சூடேறிச் சற்றுநேரத்தில் அணையும், உடனே அழுத்தினால் எழாது. ஆறியபின் எழும். அது மின்பழுது அன்று. ஒரு மெல்லிய தூரிகை போதும்.

மற்றொன்று காற்றில் வரும் கந்தகம். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உறவினர் வீடுகளுக்குச் செல்வோர்க்கு அந்த மணம் தெரியும். தோலிலிருந்து மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்க்கின்றனர். அது காடியோடு கலந்தால் அழுகிய முட்டை நாற்றமுள்ள ஒரு வளி எழும். கழிவுத் தொட்டிகளில் இறங்கிய தொழிலாளர்களின் உயிரைப் பலமுறை குடித்த வளி அதுவே. மிகச் சிறிதளவில் அது காற்றில் இருந்தாலும் வெள்ளியும் செம்பும் கறுக்கும். அம்மாக்களின் கொலுசைப் பார்த்தாலே தெரியும். பொறியின் இணைப்பு முனைகளிலும் அதே கறுப்பு மெல்லப் படிகின்றது. நேற்றுவரை ஓடிய பொறி இன்று எழவில்லையென்றால், வடத்தைக் கழற்றிவிட்டு, நினைவகத் தகட்டை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை மெல்லிய வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் துடைத்து, துகளை நீக்கி, மறுபடி செருகுங்கள். எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்கு அது பலமுறை பயன்பட்டிருக்கின்றது. தொடுமுன் கூட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்னை இறக்கிவிடுங்கள்.

பள்ளிகளின் மூலையில் கிடக்கும் பழம்பொறிகளைப் பற்றியும் ஒரு சொல். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் உலகெங்கும் விற்ற பலகைகள் பலவற்றில், குறைபட்ட நீர்மம் நிரப்பிய மின்தேக்கிகள் வந்துவிட்டன. சிறு உருளைகளாகச் செயலியைச் சுற்றி நிற்பவை அவை. அவற்றின் தட்டையான தலை உப்பியிருந்தாலோ, பழுப்பாக ஏதேனும் கசிந்திருந்தாலோ பழுது அதுதான். அதே கொள்ளளவும், அதே அல்லது அதனினும் மிகுந்த வோல்ட்டும் உடையதைப் பார்த்து, கூட்டல் கழித்தல் மாறாமல் பற்றவைத்தால் பொறி எழும். வானொலி பழுது பார்த்தவர்க்கு இது பழகிய வேலை. அத்தகையோர் இவ்வூரில் இன்னும் இருக்கின்றனர், வேலைதான் இல்லாமல் இருக்கின்றனர். இளைஞர்கள் அவர்களைத் தேடிச் சென்று, பற்றாசுக் கோல் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டியதில்லை.

பலகையில் காசளவில் ஒரு மின்கலம் இருக்கின்றது, 3 வோல்ட்டு. அது தீர்ந்தால் பொறி பெரும்பாலும் நாளையும் மணியையும் மறக்கும், அவ்வளவே. ஆனால் உள்ளே பதிந்த அமைவுகள் குழம்பி எழாமல் கிடக்கும் பொறியும் உண்டு. வடத்தையும் அந்த மின்கலத்தையும் கழற்றிச் சற்றுநேரம் வைத்துவிட்டு மறுபடி போடுங்கள். பழைய குழப்பம் அழிந்து முதல்நிலைக்கு வந்துவிடும்.

இத்தனையும் செய்தும் எழவில்லையென்றால், வெளியே அட்டைமேல் வைத்தும், வேறொரு நல்ல வழங்கியோடு இணைத்தும், நினைவகத்தை மாற்றியும் எழவில்லையென்றால், அப்போது சொல்லுங்கள், பலகை இறந்தது என்று. இறக்கும் பலகைகளும் உண்டு; நான் மறுக்கவில்லை. என் திண்ணையில் அப்படி உறுதியாக இறந்தவையும் சில கிடக்கின்றன. அவற்றையும் குப்பைமேட்டில் போட்டுக் கொளுத்த வேண்டா. பழைய பற்றாசில் ஈயம் இருக்கின்றது, அப்புகையைக் குடிப்பவர்கள் நம் பிள்ளைகளே.

கூட்டம் முடிந்தபின் இந்த மேசை இங்கேயே இருக்கும். வீட்டில் எழாமல் கிடக்கும் பெட்டி வைத்திருப்போர் எடுத்து வாருங்கள். திருப்புளி என்னிடம் இருக்கின்றது, பன்மானி இருக்கின்றது, அட்டைப் பெட்டியும் இருக்கின்றது. திறக்கப்போவது நான் அல்லேன், அந்த மாணவரே. தூக்குமுன் சுவரிலிருந்து வடத்தைப் பிடுங்கிவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.